பெரிய கையடியில் பெண் பார்த்த கதை

கிருசாந்தியை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டக் கொண்டுபோகும் போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள், பக்கத்து வளவுக்காரி, இரண்டு பிள்ளைகளின் தாய். கூட்டிப் போவது அதனால் அல்ல. நான் அவளைவிடக் கறுப்பு, அவளைவிடக் கட்டை. பக்கத்தில் நான் நின்றால் அவள் எடுப்பாகத் தெரிவாள் என்பது அவளுடைய தாய் இராசமலர் மாமியின் எண்ணம். மாமி இதை ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்காகவோ என்னவோ, வாடகை வானில் எனக்கு எப்போதும் யன்னல் கரை இருக்கை கிடைக்கும்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க முதலிலேயே வீட்டுக்கு வரமாட்டார்கள். வந்து பிடிக்காமல் போனால் அயலட்டை முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் இரண்டு வீட்டாரும் ஒரு கோயிலுக்குப் போவார்கள். தற்செயலாகத்தான். ஒரே கிழமை, ஒரே பூசை, ஒரே தூணடி, எல்லாம் தற்செயல். அங்கே ஒருவரோடு ஒருவர் கதைக்கக் கூடாது. கதைத்தால் தெரிந்தவர்கள் ஆகிவிடுவார்கள், பிறகு வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை. கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், முடிவைத் தரகர் வீரகத்தியரிடம் சொல்வார்கள். அவர் அதில் சீனி போட்டு மற்றப் பக்கத்துக்குக் கொடுப்பார். "பிள்ளை நல்ல வடிவாம், ஆனா இப்போதைக்கு யோசிக்கேல்லையாம்" என்று அவர் சொன்னால், பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

கிருசாந்தியை இந்த மாவட்டத்தில் உள்ள பெரிய கோயில்கள் எல்லாவற்றிலும் காட்டியாகிவிட்டது. முப்பத்தாறு வயது. அழகில் குறைசொல்ல ஒன்றுமில்லை. குறை அவளுடைய வேலையில் என்றுதான் அவளுடைய தகப்பன் தவராசா மாமா நினைத்தார். அவள் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். உறைந்த விந்து வைத்த பெரிய அலுமினியக் கானை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு, ஒட்டுசுட்டானில் இருந்து காடுகரை எல்லாம் போவாள். தோள்வரை பிளாஸ்ரிக் கையுறை போட்டு, மாட்டுக்குப் பின்னால் நின்று செய்கிற வேலை. அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். மாமாவுக்கு அது ஒரு பெரிய மானப் பிரச்சினை. ஆரும் கேட்டால் "கவுண்மேந்து வேலை" என்பார். எந்தக் கந்தோர் என்று துருவினால் "விவசாயப் பக்கம்" என்பார். இன்னும் துருவினால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

மாமா முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர். அவருடைய தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காணி எடுத்தவர்கள். மாமா பிறந்தது, வளர்ந்தது, ஷெல்லுக்கு ஓடியது, திரும்பி வந்து காடு பற்றிக்கிடந்த வளவைத் துப்புரவாக்கியது எல்லாம் இங்கேதான். ஆனாலும் "எங்கட ஊர்" என்று அவர் சொன்னால் அது யாழ்ப்பாணம். அந்த ஊருக்குச் செத்த வீட்டுக்கு மட்டும் போய்வருவார்.

கிருசாந்திக்குப் பின்னால் ஜெயந்தன் இருக்கிறான். வவுனியாவில் அவனுக்காக ஒரு பெண் நாலைந்து வருடமாகக் காத்திருக்கிறாள். அக்கா இருக்கத் தம்பிக்குச் செய்ய மாட்டார்கள். அவன் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சாப்பிட்டுவிட்டுக் குசினியில் கோப்பை கழுவி வைக்கும் சத்தம் மட்டும் வரவரக் கூடிக்கொண்டு போனது.

சென்ற முறை கோயிலில் திருநீறு கொடுத்த ஐயர், "இண்டைக்குப் பாக்க வாறது எவடத்து ஆக்கள், பிள்ளை?" என்று கிருசாந்தியிடம் அன்பாகக் கேட்டார். கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஒரு கடைக்காரர் வாடிக்கையாளரைக் கேட்பதுபோலக் கேட்டார். அவள் வீட்டுக்கு வந்து சீலையை மாற்றாமலே சொன்னாள்.

"கோயிலுக்கு இனி நான் வரமாட்டன். கும்பிடப் போனா கும்பிட வேணும். இன்னும் ஒரே ஒருக்கா வாறன், வேற எங்கையாவது வையுங்கோ. அதுவும் சரிவராட்டித் தம்பிக்குச் செய்யுங்கோ. என்னை விட்டிடுங்கோ."

மாமி அழுதா. மாமா தண்ணீர் குடிக்கப் போனார். அன்று பின்னேரம் வேலியடியில் அவள் என்னிடம் சொன்னது வேறு.

"எனக்குக் கலியாணம் வேண்டாம் எண்டில்லை, சுமித்திரா. என்னோட நாலு வார்த்தை கதைச்சுப் போட்டு ஒருத்தன் வேண்டாம் எண்டு சொன்னாலும் பரவாயில்லை. ஒருத்தரும் கதைக்கேல்லையடி. எல்லாரும் பாத்துப் போட்டே போறாங்கள்."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆர் மேல் என்று தெரியாததால் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளை ஏசினேன்.

வீரகத்தியர்தான் சிற்பப் பூங்காவைச் சொன்னார். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு போகும் வீதியில், உள்ளுக்குப் பிரியும் ஒரு கிரவல் பாதையில் அது இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் தன் தென்னங்காணி பட்டுப்போன பிறகு, பல்கலைக்கழகப் பிள்ளைகளைக் கூட்டிவந்து தங்கவைத்து, வெட்டவெளியில் சிலைகள் செய்வித்திருந்தார். நிழல் உண்டு, இருக்க வாங்கில் உண்டு, தெரிந்தவர்கள் வரமாட்டார்கள். "பெரிய கையடியில நில்லுங்கோ. பெடியன் நீலச் சேட்டு," என்றார் வீரகத்தியர். மாப்பிள்ளை சுவிஸ்காரர், லீவில் வந்து நிற்பவர். லீவு முடிய முன்னம் கலியாண எழுத்தை எழுதிவிடலாம் என்று மாமா கனவு கண்டார்.

ஞாயிறு காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூங்காவில் சனம் இல்லை. பெரிய கையைத் தேட வேண்டியிருக்கவில்லை. அது நிலத்தில் இருந்து கிளம்பிய ஒரு சீமெந்துக் கை, பனை உயரத்தில் பாதி. விரல்கள் விரிந்திருந்தன. பெருவிரலில் ஒரு செண்பகக் குருவி குந்தியிருந்தது. கீழே ஒரு பித்தளைத் தகட்டில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுத் தமிழை வாசித்தார்.

"பெயரிடப்படாதது."

"பெயர் வைக்க நேரம் கிடைக்கேல்லைப் போல," என்றா மாமி.

அடுத்தது நட்டுக்குத்தாக நிறுத்திய ஒரு பழைய வள்ளம். நாயாற்றில் இருந்து கொண்டு வந்ததாம். அதுவும் பெயரிடப்படாதது. அதற்கு அடுத்தது உழவு மெசின் ரயர்களில் செய்த ஏதோ ஒரு மிருகம், அதற்கும் பெயரில்லை. இவ்வளவு செலவழித்தவர் ஒரு நல்ல பெயருக்கு ஆரையாவது கேட்டிருக்கலாம் என்று மாமா அபிப்பிராயப்பட்டார்.

அப்போதுதான் நீலச் சேட்டைக் கண்டோம். கையின் மற்றப் பக்கத்து வாங்கிலில் மூன்று பேர் இருந்தார்கள். நீலச் சேட்டுப் போட்ட ஒருவன், நாற்பதை நெருங்குகிற வயது. தாயும் தகப்பனுமாக ஒரு வயதான சோடி. மாமா உடனே வள்ளத்தைப் பார்க்கத் திரும்பினார்.

"வந்திட்டினம். பாக்காதேங்கோ," என்றார், எல்லாரும் ஏற்கெனவே பார்த்து முடிந்த பிறகு.

பிறகு இரண்டு வீட்டாரும் சிற்பம் பார்த்தோம். அவர்கள் ரயர் மிருகத்தைப் பார்த்தால் நாங்கள் வள்ளத்தைப் பார்த்தோம். அவர்கள் வள்ளத்துக்கு வந்தால் நாங்கள் கைக்குப் போனோம். கோயில் வீதி சுற்றிப் பழகிய கால்கள், வலமாகத்தான் சுற்றின. ஒவ்வொரு தகட்டையும் மாமா நின்று வாசித்தார். எல்லாத் தகட்டிலும் ஒன்றையே எழுதியிருந்தாலும் வாசித்தார். வாசித்துக்கொண்டே கடைக்கண்ணால் அளந்து, எங்களுக்கு மெல்லச் சொன்னார்.

"தாய்க்குத்தான் முதல்ல தண்ணிப் போத்தலைக் குடுத்தவன், பாத்தியளே? நல்ல குடும்பம்."

"பெடியன் வெயில் பட்டுக் கறுத்துக் கிடக்கிறான்," என்றா மாமி.

"அங்கயும் இப்ப நல்ல வெயிலாம். கையைப் பார், உழைச்ச கை. சுவிசில சும்மா குடுக்கிறாங்களே காசு?" கொஞ்சம் போனதும், "தகப்பன் விழுந்த கடதாசியைக் குனிஞ்சு எடுத்துப் பொக்கற்றுக்குள்ள வைச்சவர். நல்ல குடும்பம். முகத்திலயே எழுதிக் கிடக்கு," என்றார்.

அதற்கு முந்திய மாப்பிள்ளைகளை அவர் இப்படிச் சொன்னதில்லை. கிருசாந்தி வழக்கம்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். இளநீல நிறச் சீலை கட்டியிருந்தாள், மாமியின் தெரிவு. நான் கட்டியிருந்தது மண்ணிறம், அதுவும் மாமியின் தெரிவு.

பூங்காவுக்கு வேலி இருந்தாலும் ஊர் மாடுகள் அதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. மூலையில் துருப்பிடித்த இரும்புக் குழாய்களால் ஆன ஒரு மனிதக் கூட்டம் நின்றது. அதற்குள் தலையை விட்டுப் புல்லுக் கடித்த ஒரு நாம்பன் கன்று, தலையைத் திருப்பி எடுக்கத் தெரியாமல் கத்தத் தொடங்கியது. தாய்ப்பசு சுற்றிச் சுற்றி ஓடியது. கன்று இழுத்த இழுவையில் கழுத்து உரசி இரத்தம் வந்தது.

கிருசாந்தி நிமிர்ந்தாள். நான் அவளுடைய கையைப் பிடிக்க முதல் அவள் போய்விட்டாள்.

"பிள்ளை!" என்றார் மாமா. உரத்துக் கூப்பிடவும் முடியாது, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேட்டுவிடும். அதனால் காற்றோடு கூப்பிட்டார்.

அவள் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகி, வளையலைக் கழற்றிப் புல்லில் வைத்து, கன்றின் மூக்குக்குள் இரண்டு விரலைக் கொடுத்துத் தலையை அமத்தினாள். கன்று துள்ளியது. ஒரு கை போதவில்லை. அப்போது நீலச் சேட்டுக்காரன் ஓடி வந்தான்.

"காதை மடக்கிப் பிடியுங்கோ," என்றாள் அவனைப் பார்த்து. இத்தனை வருடத்தில் ஒரு மாப்பிள்ளையோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அது இல்லை, மற்றக் காது. இப்ப தள்ளுங்கோ. மெல்ல."

அவன் சொன்னபடி செய்தான். கன்றின் தலை வெளியே வந்தது. வந்த வேகத்தில் அது அவள் சீலை நிறைய வாய்நீரை வடித்துவிட்டுத் தாயிடம் ஓடியது.

"நீங்கள் மாட்டு டொக்டரோ?" என்று அவன் கேட்டான். குரல் எங்கள் ஊர்ப் பெடியன்களின் குரல்தான்.

"இல்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடுறனான்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரைப் பிடித்து வாங்கிலில் இருத்தினேன்.

"எங்கட பசு ஒண்டுக்கு ரெண்டு மூண்டு தரம் ஊசி போட்டும் சினை நிக்கேல்லை," என்றான் அவன், மிகுந்த கவலையோடு.

"பசு கத்தத் தொடங்கி எவ்வளவு நேரத்தால ஊசிக்குச் சொல்லுறனீங்கள்?"

"நான் மண் வெட்டுற பெக்கோ மெசின் ஓடப் போனா இரவுதான் வருவன். அடுத்த நாள்தான் சொல்லுறது."

"அதுதானே! காலமை கத்தினா அண்டைக்குப் பின்னேரமே போட வேணும். அடுத்த நாள் போட்டா எப்பிடி நிக்கும்? மாடு உங்கட வேலை முடியும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்குமே?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். புல்லில் கிடந்த வளையலை எடுத்து, சேட்டில் துடைத்துக் கொடுத்தான்.

"என்ன கதைக்கினம்?" என்று மாமி என்னிடம் கேட்டா.

"மாடு நிக்காததைப் பற்றி, மாமி."

"ஐயோ, எல்லாம் போச்சு."

போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர்கள் இன்னும் கதைத்துக்கொண்டுதான் நின்றார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. சுவிசில் பெக்கோ ஓடுகிறவனுக்கு ஏன் பசு என்ற கேள்வி எனக்கோ மாமிக்கோ வரவில்லை.

இதற்குள் அவனுடைய தாய் எங்களிடம் வந்துவிட்டா. நடுக்கமில்லாத, மெலிந்த மனுசி. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டா.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. எம் பேரு வீரம்மா. பேசக் கூடாதுன்னு தரகரு சொன்னாரு. ஆனா பிள்ளைங்களே பேசிருச்சு. எங்க கிருபனுக்கு இப்புடி ஒரு பொண்ணுதாங்க வேணும். எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஒங்க மனசு என்னன்னு சொன்னீங்கன்னா…"

மாமா வாயைத் திறந்தபடி இருந்தார். வீரம்மாவின் பேச்சில் மலைநாடு இருந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களில் இருந்து அடிபட்டு வந்து, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய சனங்கள். எங்கள் ஆட்கள் அவர்களோடு சேர்ந்து வயல் செய்வார்கள். இடம்பெயர்ந்தபோது ஒரே மரத்தடியில் சமைத்தார்கள், ஒரே பங்கருக்குள் பதுங்கினார்கள். சம்பந்தம் மட்டும் செய்யமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். பதற்றத்திலும் அந்தப் பழக்கம் தவறவில்லை. வீரகத்தியரின் குரல் பெரிய கையடி முழுக்கக் கேட்டது.

"அண்ணை, மாப்பிள்ளை வீட்டாற்றை வான் பூவரசங்குளத்தடியில பழுதாகி நிண்டிட்டுதாம். இண்டைக்கு வரேலாது. பிறகு, அண்ணை, அங்க ஒரு மலைநாட்டுப் பார்ட்டி நிக்கும், அதுவும் நீலச் சேட்டு. நான் எல்லாருக்கும் நீலம்தான் சொல்லுறது, அது எந்த நிறத்து ஆளுக்கும் எடுக்கும். அவையள் பின்னேரத்துக்குச் சொன்ன ஆக்கள், காலமை பஸ்சிலயே வந்திருப்பினம். கண்டுகொள்ளாதேங்கோ. அவையளுக்குப் பாத்த பொம்பிளை வீட்டாரும் மாட்டம் எண்டு நேற்றே சொல்லிப் போட்டினம். நான் இன்னும் அவையளுக்குச் சொல்லேல்லை."

பெருவிரலில் இருந்த செண்பகம் பறந்து போனது.

வீரம்மா கூப்பிய கையைக் கீழே விட்டா. முகத்தில் கோபம் இல்லை. "அப்ப நாங்க பாக்க வந்த பொண்ணு இது இல்லீங்களா? மன்னிச்சுக்கங்க, ஐயா," என்றா. தகப்பன் ராசு வாங்கிலில் இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்தார். கிருபன் சேட்டுக் கையில் ஒட்டிய புல்லைத் தட்டினான். மூன்று பேரும் திரும்பி நடந்தார்கள். சண்டையில்லை, கேள்வியில்லை. அப்படித் திரும்பி நடப்பது அவர்களுக்குப் பழகியிருந்தது. கோயில் கோயிலாகப் போய் நாங்களும் அப்படித்தான் வான் ஏறியிருந்தோம்.

"நில்லுங்கோ," என்றாள் கிருசாந்தி.

கிருபன் நின்றான்.

"என்னைப் பிடிக்காமப் போறீங்களோ, அப்பா பேசாம இருக்கிறதால போறீங்களோ?"

அவன் மாமாவைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "உங்கட அப்பாவாலதான்."

"என்னால இல்லையே?"

"உங்களால இல்லை."

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்க. இந்தமுறை நிலத்தைப் பார்க்கவில்லை.

மாமா மாமியைப் பார்த்தார், உதவி கேட்கிற பார்வை. நான் மாமி அழப் போகிறா என்று நினைத்தேன். மாமி அழவில்லை.

"காலமை தொடக்கம் நல்ல குடும்பம், நல்ல குடும்பம் எண்டு என்ரை காதைத் திண்டது ஆர்?" என்று கேட்டா.

"அது… சுவிஸ் ஆக்கள் எண்டு நினைச்சு."

"நீங்கள் பாத்தது இந்தச் சனத்தைத்தானே? தாய்க்குத் தண்ணி குடுத்தது இந்தப் பெடியன்தானே? ஆள் மாறேல்லையே, இஞ்சாருங்கோ."

மாமாவுக்குக் குடிக்கப் போகவும் பக்கத்தில் தண்ணீர் இல்லை. வேர்த்து ஒழுகிக்கொண்டு, தன் மகளை நெடுநேரம் பார்த்தார். சீலை முழுக்கக் கன்றின் எச்சில். தலைமயிர் குலைந்திருந்தது. காட்டுவதற்கென்று கொண்டுவந்த பெண் மாதிரி அவள் அப்போது இருக்கவில்லை.

கையில் போன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "அலோ, அண்ணை! லைனில நிக்கிறியளே? அடுத்த ஞாயிறு சுவிஸ் ஆக்களை வரச்சொல்லவோ?"

"வேண்டாம், வீரகத்தி," என்றார் மாமா.

"ஏன் அண்ணை, கோவமோ?"

"கோவமில்லை." வாங்கிலில் வந்து இருக்கும்படி அவர் கிருபனுக்குக் கை காட்டினார். "பிள்ளை பாத்திட்டுது."